நரி பரியான கதையும் நவஹோ மக்களின் கயோட்டியும்

தமிழில் ஒருவரை நரி என்று சொன்னால் அது வசை. வஞ்சகம், பசப்பு, பிறர் உழைப்பிற் குளிர்காய்தல் ஆகிய இழிகுணங்கள் யாவும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடும். ஆயினும் எதிர்பாராத நற்பேறு பெற்றவனை நோக்கி, 'இன்று நரி முகத்தில் விழித்தாயோ?' என்று கேட்பவரும் இதே தமிழரே. வஞ்சகத்தின் உருவமாகிய ஒரு விலங்கின் முகம் எவ்வாறு நற்சகுனமாயிற்று? இவ்வினாவுக்குப் பாடநூல்களில் விடை இல்லை. அவை காகத்திடமிருந்து வடையைப் பறித்த நரியோடு நின்றுவிடுகின்றன; அந்த நரிதானும் ஈசாப்பின் கதையிலிருந்து வந்து நம்மூர்ப் பாட்டியின் வடையைக் கவ்விக்கொண்ட அயலூர் நரியாகும்.

நரியைப் பற்றிய இவ்விரட்டை மனப்பான்மைக்கு இலங்கையிலே கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் சுவைமிக்கது நரிக்கொம்பு பற்றியது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற், இந்நாட்டின் விலங்குகளைப் பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், நரிக்கூட்டத்தின் தலைவனுடைய மண்டையில் முளைப்பதாகக் கருதப்பட்ட சிறு கொம்பொன்றைக் குறிப்பிடுகின்றார். அதனை வைத்திருப்பவன் எண்ணியதெல்லாம் முடிப்பான் என்று சிங்களவரும் தமிழரும் ஒருங்கே நம்பினர். பலமுறை தோற்ற வழக்காளி ஒருவன், இறுதி விசாரணைக்கு முன்னர் நரிக்கொம்பொன்றைப் பெற்று நண்பர்களுக்குக் காட்டினானாம். செய்தி பரவியது. கொம்புடையானுக்கு எதிராகத் தீர்ப்பு வரப்போவதில்லை என்றஞ்சிய எதிர்த்தரப்புச் சாட்சிகள் தம் வாக்குமூலத்தை மாற்ற, அவன் வழக்கில் வென்றான். தெனன்ற் இதனைக் கீழைத்தேயத்தாரின் மூடநம்பிக்கைக்கு உதாரணமாகவே எழுதினார். நமக்கோ இதில் வேறொன்று புலப்படுகின்றது. கொம்பு எதையும் செய்யவில்லை. கொம்பைப் பற்றிய பேச்சே எல்லாவற்றையும் செய்தது. அது நரியின் வேலைதான்.

தந்திரமும் மூடத்தனமும் தெய்வத்தன்மையும் ஓருடலில் குடிகொண்ட இத்தகைய பாத்திரத்தை மானிடவியலாளர் தனிவகையாகக் கொண்டு ஆராய்ந்துள்ளனர். வின்னபாகோ என்னும் அமெரிக்க ஆதிக்குடியினரின் கதைகளை வைத்து 1956இல் போல் றாடின் எழுதிய நூல் இத்துறையிற் பெயர்பெற்றது. தமிழில் இவ்வகைப் பாத்திரத்தை எத்தன் என்று அழைக்கலாம். உலகின் எத்தர்களுள் நம் நரிக்கு மிக நெருங்கிய உறவினன் நவஹோ மக்களின் கயோட்டி ஆகும். உறவு என்பது வெறும் உவமையன்று. கயோட்டியும் நரியும் விலங்கியலார் கணக்கில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆதலின் அக்கயோட்டியை முதலில் அறிந்துகொண்டு நம் நரியிடம் மீள்வது பயனுடையதாகும்.

நவஹோ மக்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூற்றா மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில் வாழ்பவர். தம்மை 'டினே' என்பர். கயோட்டியை 'மாயீ' என்பர். இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய வொஷிங்ரன் மத்யூஸ் 1897இல் வெளியிட்ட தொகுப்பில் அம்மக்களின் தோற்றக்கதைகள் இடம்பெற்றுள்ளன. மனிதர் கீழுலகுகளிலிருந்து படிப்படியாக இவ்வுலகிற்கு ஏறிவந்தனர் என்பது அக்கதைகளின் அடிப்படை. ஏறிவர நேர்ந்ததே கயோட்டியால்தான்: நீரரக்கனின் குழந்தைகளை அவன் திருடி ஒளித்தான், வெள்ளம் பொங்கியது, மக்கள் மேலுலகிற்கு ஓடினர். வானத்தில் விண்மீன்களை ஒழுங்காகப் பதித்துக்கொண்டிருந்த வேளையில், பொறுமையிழந்து எஞ்சியவற்றை அள்ளி வீசியவனும் அவனே. சாவும் அவன் கொணர்ந்ததே. மனிதர் என்றும் வாழ்வரா என்றறிய நீரில் ஒரு பொருளை இட்டனர், அது மிதந்தது, எல்லாரும் மகிழ்ந்தனர். கயோட்டி கல்லொன்றை எடுத்து எறிந்தான், அது மூழ்கியது. சினந்தெழுந்த மக்களிடம் அவன் சொன்ன நியாயம் எளிதில் மறுக்கத்தக்கதன்று: ஒருவரும் சாகாவிட்டால் பிறக்கும் குழந்தைகளுக்கும் விதைக்கும் பயிருக்கும் நிலம் எங்கே?

இவ்வளவு பெரியவனே வேறு கதைகளில் தன் கண்களைப் பிடுங்கி வானில் எறிந்து விளையாடி, அவற்றை இழந்து, மரப்பிசினாற் செய்த கண்களோடு திரியும் மூடனாகின்றான். கேட்போர் விழுந்து விழுந்து சிரிப்பர். ஆனால் எந்நேரமும் இக்கதைகளைச் சொல்லலாகாது. குளிர்காலத்திற்கே அவை உரியன. வழியில் கயோட்டி குறுக்கிட்டால் நவஹோ மக்கள் அதனைத் தீக்குறியாகவே கொள்வர். அதேவேளை கயோட்டியின் பெயரால் நோய்தீர்க்கும் சடங்கொன்றும் அவர்களிடையே உண்டு. கார்ல் லக்கேற் 1979இல் அதனை விரிவாகப் பதிவு செய்தார்.

ஏன் இவ்விலங்கு? 1955இல் வெளிவந்த கட்டுரையொன்றில் குளோட் லெவி ஸ்ட்றோஸ் ஒரு விடை தந்தார். வேட்டையாடும் விலங்கு கொன்று தின்னும். புல்லுண்ணும் விலங்கு கொல்லாது. பிணந்தின்னும் கயோட்டியோ ஊனுண்ணும், ஆயினும் கொன்றதையன்றிக் கிடந்ததை உண்ணும். எனவே உயிருக்கும் சாவுக்குமிடையே நிற்கும் இடைப்பிராணியாக மனித சிந்தனை அதனைத் தேர்ந்தது என்பது அவர் வாதம். கயோட்டி வேட்டையும் ஆடும் என்பது உண்மையே; ஆயினும் 'இடைப்பிராணி' என்னும் கருத்து நம் நரிக்கு அப்படியே பொருந்துகின்றது.

இதனை உணர நூலகம் வேண்டியதில்லை. மாம்புரியில் ஒருநாள் மாலை நின்றாற் போதும். பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியில், கிழக்கே புத்தளம் களப்புக்கும் மேற்கே கடலுக்கும் நடுவே, மணல்மேட்டில் அமைந்தது எமது ஊர். தென்னந்தோட்டம், புகையிலைத் தோட்டம், மரக்கறித் தோட்டம், இவற்றின் ஓரத்தில் பற்றைக்காடு. பகலில் நரியைக் காண்பதரிது. பொழுது சாய்ந்ததும் பற்றைக்கும் வேலிக்கும் இடைப்பட்ட வெளியில் அதன் ஊளை எழும். காட்டுக்கும் உரியதன்று, ஊருக்கும் உரியதன்று, பகலுக்குமன்று, நள்ளிரவுக்குமன்று. இலங்கையில் வேறு காட்டு நாயினம் எதுவும் இல்லாமையால் இந்த எல்லைக்காவல் முழுவதும் நரிக்கே உரியதாயிற்று.

எல்லை என்றதும் மொழியெல்லையும் நினைவுக்கு வருகின்றது. தமிழில் நரி, சிங்களத்தில் நரியா, இவ்விலங்கின் உபவினத்துக்கு விலங்கியலார் இட்ட பெயரும் நரியா. வெயிலடிக்கையில் மழை பெய்தால் நரிக்குக் கலியாணம் என்று எங்களூர்ச் சிறுவர் கூவுவர். அதே வெயில்மழையில் சிங்களச் சிறுவரும் நரியின் மணவிழாவையே பாடுவர். சிலாபம், புத்தளம் கரையோரத்தில் தமிழ் பேசிய ஊர்கள் பல கடந்த நூற்றாண்டிற் சிங்களம் பேசும் ஊர்களாக மாறின. அம்மாற்றத்தில் எத்தனையோ பாட்டுகளும் வழக்குகளும் கைவிடப்பட்டிருக்கும். நரி மட்டும் பெயரை மாற்றாமலே அக்கரை சேர்ந்துவிட்டது.

இனி, எழுத்திலேறிய நரிகளை நோக்குவோம். அரசவை நூலாகிய பஞ்சதந்திரத்தில் நரி அமைச்சனாகின்றது. சிங்கத்தையும் எருதையும் நட்பாக்கிப் பின் பகையாக்கும் கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளின் பெயரே எட்டாம் நூற்றாண்டில் இபுனுல் முகப்பா செய்த அரபு மொழிபெயர்ப்புக்குத் தலைப்பாயிற்று. தாண்டவராய முதலியார் 1826இல் உரைநடைத் தமிழில் தந்த பஞ்சதந்திரக் கதை நம் பாடசாலைகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. இந்நரி மிகவும் படித்த நரி. மூடத்தனம் அறவே நீங்கிய இதனிடம் கயோட்டியின் பாதியே எஞ்சியுள்ளது.

மறுபாதி பௌத்த சாதகக் கதைகளில் அகப்படுகின்றது. இறந்த யானையின் உடலுக்குள் புகுந்து தின்றுகொண்டே போன நரியொன்று, வெயிலில் தோல் சுருங்கி வாயில் அடைபட உள்ளே சிறைப்படுகின்றது. மழை பெய்து தோல் இளகியபோது, மயிரெல்லாம் உரிய வெளியே பாய்கின்றது. பேராசைக்கு இது எச்சரிக்கை என்று துறவிகள் முடித்தனர். அம்முடிவுரையை எடுத்துவிட்டுப் படித்தால், அரிசோனாவின் குளிர்கால இரவொன்றில் கூறத்தக்க கதை அது. நரி நீதிபதியாகும் சாதகமும் உண்டு. மீனொன்றுக்காகச் சண்டையிட்ட இரு நீர்நாய்கள் நரியிடம் முறையிட, ஒன்றுக்குத் தலை, மற்றதற்கு வால், நடுத்துண்டு நீதிபதிக்கு என்று அது தீர்ப்பளித்துச் சென்றது. கி.மு. இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டுக்குரிய பார்கூத் தூபியின் கல்வேலியிலே இக்கதை செதுக்கப்பட்டிருத்தலால், நம் எத்தனின் வயது ஈராயிரத்துக்குக் குறையாது எனத் துணியலாம். 'நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும்' என்னும் பழமொழியின் நீதிபதி இவனே.

கிராமத்து வாய்மொழியிலோ அதே நீதிபதி எளியோர் பக்கம் நிற்கின்றான். கூண்டிலிருந்து விடுவித்த மனிதனையே தின்ன முயலும் புலி; சில வடிவங்களில் கரைசேர்த்தவனையே கவ்வும் முதலை. நியாயம் கேட்கப்பட்ட ஏனையோர் மனிதன்மீதுள்ள பழைய மனக்குறைகளைச் சொல்லிக் கைவிரிக்க, நரி மட்டும் 'எனக்கு விளங்கவில்லை. முதலில் எப்படி இருந்தீர்கள்?' என்று கேட்கின்றது. சலிப்புற்ற புலி விளக்குவதற்காகக் கூண்டுக்குள் மீண்டும் நுழைகின்றது, கதவு சாத்தப்படுகின்றது. தன்னை மூடனாகக் காட்டி வெல்லும் இவ்வறிவு பஞ்சதந்திர நரிக்குத் தெரியாது. தோற்பது வலியவன், பார்த்துச் சிரிப்பவர் கதை கேட்கும் குடியானவர். சிங்களக் கிராமியக் கதையொன்றில் நரி ஒரு வீட்டுக்கு மருமகனாகவே வந்துவிடுகின்றது. தயானந்த குணவர்த்தன 1961இல் மேடையேற்றிய 'நரி பேனா' நாடகம் அதிலிருந்து பிறந்ததே. நவஹோ கயோட்டியும் மனிதப் பெண்ணொருத்தியை மணக்க முயன்று பெருந்துன்பம் விளைத்தவன் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

ஆனால் உலகை மாற்றும் ஆற்றல்? விண்மீனை வீசியவனுக்கு ஈடாக நம்மிடம் எந்த நரி உண்டு? இங்கேதான் நரி பரியான கதை முக்கியம் பெறுகின்றது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை அமைச்சராகிய வாதவூரர் திருப்பெருந்துறையிற் கோயிற் பணிக்குச் செலவிட்டார். அரசன் ஓலை போக்கினான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று இறைவன் வாக்களித்தான். காட்டு நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரை வணிகனாகி மதுரைக்கு ஓட்டிவந்தான். கயிறு மாற்றிக் கொடுத்து வணிகன் விடைபெற்றான். இரவானதும் பரிகள் நரிகளாயின. இலாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறி, ஊளையிட்டுக்கொண்டு காட்டை நோக்கி ஓடின. திருவாதவூரடிகள் புராணமும் பரஞ்சோதியாரின் திருவிளையாடற் புராணமும் இதனை விரித்துக் கூறுகின்றன.

இக்கதையின் வரலாறு சிக்கலானது. மாணிக்கவாசகரின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. ஆனால் ஏழாம் நூற்றாண்டினரான அப்பரின் தேவாரத்திலேயே சிவன் நரியைக் குதிரையாக்கியமை சுட்டப்படுகின்றது. இதனையே சான்றாகக் கொண்டு மாணிக்கவாசகரை அப்பருக்கு முற்பட்டவராக்க முயன்றோரும் உளர். எமக்கோ வேறு முடிவு பொருத்தமாகப் படுகின்றது. நரியைப் பரியாக்கும் இறைவன் என்ற நம்பிக்கை முந்தியது. அமைச்சர், பொன், வணிகன், இலாயம் ஆகியன பின்னர் அதனைச் சூழ்ந்து வளர்ந்தன. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை முன்பே அறியும் எனினும், இக்கதை புராணமாக விரிந்த காலத்தையொட்டியே குதிரை வணிகமும் பாண்டிநாட்டின் பெருஞ்செலவாகியிருந்தது.

அதன் அளவை அயல்நாட்டார் எழுதிவைத்துள்ளனர். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபின் கூற்றுப்படி, கிஷ் தீவின் வணிகத்தலைவர் சமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளை மாபார் எனப்பட்ட பாண்டிநாட்டுக் கரைக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். கடலில் இறந்த குதிரைக்கும் அரசன் விலை கொடுக்கவேண்டும். அச்சமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக இருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டிறுதிக்குள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தோர் இங்கு வந்துவிடாதவாறு வணிகர் பார்த்துக்கொண்டனர் என்றும் எழுதினார். கருவூலப் பொன் கடல்கடந்து போகின்றது, ஒளிமிக்க பரிகள் வருகின்றன, கயிறு கைமாறுகின்றது, சில நாளில் இலாயம் வெறுமையாகின்றது. வரிகொடுத்த குடியானவனின் கண்ணுக்கு இது எவ்வாறு தோன்றியிருக்கும்? அரசன் வாங்கியவை குதிரைகளல்ல, நரிகளே என்று அவன் நினைத்திருந்தால் வியப்பில்லை. பக்திக்கதையின் அடியில் இவ்வங்கதமும் ஓடுகின்றது என்பது எமது கருத்து.

இவ்வங்கதத்தை இக்கரையில் இருந்து படிப்பதிலே தனிப்பொருள் உண்டு. அக்குதிரைகள் இறங்கிய காயல் மன்னார்க் குடாவின் அக்கரையிலே, புத்தளம் இக்கரையிலே உள்ளது. 1344இல் புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட இபுன் பதூதா பின்னர் மாபாருக்கே கப்பலேறினார். மாம்புரிக்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் குதிரைமலை நிற்கின்றது. அல்லி அரசாணியின் கோட்டை அங்கிருந்ததாக மரபு. குளோடியசு மன்னன் காலத்தில் உரோம வரிக்குத்தகைக்காரன் ஒருவனின் ஆள் காற்றில் அள்ளுண்டு வந்திறங்கியதாகப் பிளினி கூறும் இப்புறோஸ் என்னும் துறை இதுவே என்று கருதியோர் பலர். அக்கிரேக்கப் பெயரிலும் குதிரை உண்டு. பெயரொற்றுமையால் மட்டும் வரலாறு நிறுவப்படுவதில்லை. ஆயினும் கடலையும் பரியையும் இணைத்துப் பேசும் பழக்கம் குடாவின் இருகரைக்கும் பொதுவாக இருந்தது என்ற அளவிலேனும் இது துணைசெய்யும்.

இப்போது இரு எத்தர்களையும் அருகருகே நிறுத்தலாம். நவஹோ மக்களிடம் முடியரசு இருந்ததில்லை. அரண்மனையும் அரசாங்கக் கருவூலமும் இல்லை. எனவே கயோட்டி கலைத்தது உலகின் ஒழுங்கை. விண்மீன், வெள்ளம், சாவு ஆகியவற்றோடு நேரே மோதினான். நம் நாட்டிலோ ஒழுங்கு என்பது அரசனின் ஒழுங்கு. அரசவைப் புலவர் நரியை அமைச்சனாக்கினர், மடத்தவர் மூடனாக்கினர், கோயில் அதன் மாயவித்தையை இறைவனிடம் ஒப்படைத்தது. திருவிளையாடலில் எத்தன் சிவனே. நரிகள் பேசுவதில்லை, திட்டமிடுவதுமில்லை. ஆனால் கதையின் முடிவை எண்ணிப்பார்க்க வேண்டும். இறைவன் பரியாக்கியது பகற்பொழுதுக்கே. இரவில் அவை நரியாகவே மீண்டு, அரசன் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு போயின. ஒருவராலும் உடைமையாக்க முடியாத ஒன்றாக நரியைக் காட்டும் அவ்விறுதிக் காட்சியிலே பழைய எத்தன் உயிரோடிருக்கின்றான். அவன் முகத்தில் விழிப்பது நற்பேறு என்று குடியானவன் கருதியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். 'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமற் போனாற் சரி' என்ற பழமொழியையும் இதனோடு சேர்த்துப் படித்தால், அந்த நற்பேற்றை நம் முன்னோர் அளவோடுதான் நம்பினர் என்பது விளங்கும்.

இவ்வாய்வை முன்னெடுக்கப் பெருந்தடையாக உள்ளது கதைகளின் இன்மை. 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய விவரத்திரட்டையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆக்கினார். கிராமியக் கதை சேகரிப்பு அவர் காலத்து அக்கறையாக இருக்கவில்லை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணிபுரிந்த ஹென்றி பாக்கர் 1910 முதல் 1914 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கைக் கிராமியக் கதைகளிற் பெரும்பாலானவை வடமேல் மாகாணத்திலேயே, அதாவது எமது மாகாணத்திலேயே, திரட்டப்பட்டன. நரிக்கதைகள் அவற்றுள் உண்டு. ஆனால் அவர் பெரிதும் செவிமடுத்தது சிங்களக் கிராமங்களுக்கே. களப்புக்கு மேற்கே தமிழ் பேசிய மணற்கரை அத்தொகுதிகளின் பார்வைக்கு வெளியே நிற்கின்றது.

இன்று அக்கரை வெகுவாக மாறியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலே குடியமர்ந்தனர்; மன்னாரின் கதையும் யாழ்ப்பாணத்தின் கதையும் இப்போது இங்கே சொல்லப்படுகின்றன. 2010 முதல் மாம்புரியிற் காற்றாலைகள் சுழல்கின்றன. 2011இல் அயலூராகிய நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பற்றைக்காடு சுருங்கியபோது நரியின் எல்லைவெளியும் சுருங்கியது. நரியைக் கண்டிராத சிறுவனுக்கு அதன் கலியாணத்தைப் பற்றிக் கூறுவது எளிதன்று.

சேகரிக்கப் புறப்படுவோர் நவஹோ நாட்டில் நிகழ்ந்த ஒன்றை அறிந்திருத்தல் நன்று. பார் ரோல்கன் என்னும் ஆய்வாளர் கதைசொல்லி ஒருவரிடம் கயோட்டிக் கதைகளைப் பல ஆண்டுகள் ஒலிநாடாவிற் பதிந்து, 1969இல் அவை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். குளிர்காலத்துக்கே உரிய குரலை எக்காலத்தும் எவரும் கேட்கக்கூடிய நாடாவில் வைத்திருத்தல் முறையோ என்ற வினா பின்னர் அவரை வருத்தியது. இறுதியில் அவர் அந்நாடாக்களைக் கதைசொல்லியின் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்து, அதற்கான காரணங்களை 1998இல் எழுதி வெளியிட்டார். பாக்கரின் தொகுதிகளிலோ, பல கதைகளின் இறுதியில் சொன்னவரின் சாதியும் மாகாணமும் மட்டும் குறிக்கப்பட்டுள்ளன. அக்கதை எந்தப் பருவத்தில், எந்த வேளையில், யாருக்காகச் சொல்லப்பட்டது என்ற குறிப்பு இல்லை.